சமையலறைக்குப் பவுடர் சிலிண்டரா, சி.ஓ.2 சிலிண்டரா?

சென்ற ஆடி மாதம் அம்மா அப்பளம் பொரிக்க வைத்த எண்ணெயில் தீப்பிடித்துக்கொண்டது. போன் மணி அடித்ததென்று ஹாலுக்குப் போனவர், திரும்பி வந்தபோது வாணலிக்கு மேலே ஒரு முழ உயரத்துக்குச் சுடர் நின்றிருக்கிறது. நல்லவேளை, தண்ணீரை ஊற்றவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு இட்லிப் பானை மூடியை எடுத்து வாணலியின் மேல் கவிழ்த்துவிட்டார். சுவரில் கரி, எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கை உருகல், அவ்வளவோடு போயிற்று. அந்த வாரமே ஒரு ஃபயர் எக்ஸ்டிங்குவிஷர் (தீயணைப்புச் சிலிண்டர்) வாங்கக் கிளம்பினேன். கடையில் முதல் கேள்வியே, "பவுடரா சார், சி.ஓ.2வா?" என்பதுதான்.

நான் வாங்கியது 2 கிலோ ஏ.பி.சி பவுடர், அதாவது திடப்பொருள், திரவம், வாயு மூன்று வகைத் தீக்கும் ஆகும் தூள். எங்கள் மாடி வீட்டு மாமாவிடம் இருப்பது 2 கிலோ சி.ஓ.2, அதாவது கார்பன் டை ஆக்சைடு வாயு. இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

என்ன தீயை எது அணைக்கும் என்பதில் பெரிய குழப்பமில்லை. பவுடரில் இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். சூட்டில் உருகி, எரியும் துணி, மரம், பேப்பர் மேல் ஆடை போலப் படிந்துவிடும். அதனால் தீ மறுபடி பற்றுவது குறைவு. பெட்ரோல், மண்ணெண்ணெய், காஸ், கரண்ட் தீக்கும் இதுவே ஆகும். சி.ஓ.2 காற்றை விலக்கித் தீயை அணைக்கிறது. ஸ்விட்ச் போர்டு, கம்ப்யூட்டர், ஃபிரிட்ஜ் பின்பக்கம் போன்ற இடங்களுக்கு அருமையானது, ஒரு துகள்கூட மிச்சம் வைக்காது. ஆனால் மெத்தை, திரைச்சீலை, பழைய பேப்பர் கட்டு என்றால் வாயு கலைந்ததும் உள்ளே இருக்கும் கங்கு மறுபடி பற்றிக்கொள்ளும். வீட்டில் எரியக்கூடியதில் பாதிக்கு மேல் இந்த வகைதானே?

பவுடரின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அடித்தால் வீடே மாவு மில் ஆகிவிடும். எங்கள் குடியிருப்பில் நடந்த பயிற்சியில் ஒரு தட்டில் டீசலைக் கொளுத்தி என்னை அடிக்கச் சொன்னார்கள். பத்து விநாடிக்குள் சிலிண்டர் காலி. தீ அணைந்துவிட்டது, ஆனால் சட்டை, செருப்பு, மூக்கு எல்லாம் மஞ்சள் தூள். ஈரம் பட்டால் அது உலோகத்தை அரிக்கும் என்பதால் மிக்ஸி, டிவி மேல் படிந்ததை உடனே துடைத்தாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சி.ஓ.2 தெளிவாக முந்துகிறது.

சரி, பிறகு ஏன் பவுடர்? பராமரிப்புக்காகத்தான்.

பவுடர் சிலிண்டரின் தலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கேஜ் இருக்கிறது. முள் பச்சையில் நின்றால் உள்ளே அழுத்தம் இருக்கிறது, சிவப்புக்கு இறங்கினால் இல்லை. காலையில் காபி போடும்போதே கண்ணில் படுகிறது. சி.ஓ.2வில் கேஜ் கிடையாது. அந்த வாயு உள்ளே பாதி திரவமாக இருப்பதால், கசிந்து குறைந்தாலும் அழுத்தம் ஏறக்குறைய அப்படியேதான் நிற்கும். அழுத்தத்தைப் பார்த்து அளவைச் சொல்ல முடியாது. எடை போட்டால்தான் தெரியும். நிரப்பிய வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். 2 கிலோ என்றால் வெறும் 200 கிராம். கையில் தூக்கிப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாத அளவு.

மாமா வீட்டில் நடந்தது இதுதான். "மாமா, ஒருதடவை எடை போட்டுப் பார்த்துடலாமா?" என்றேன். "எதுக்குப்பா, போன மாசம்தான் வந்து ரீஃபில் பண்ணிட்டுப் போனாங்க, ஸ்டிக்கரைப் பாரு" என்றார். ஸ்டிக்கர் புத்தம் புதிதாகத்தான் இருந்தது. தெருமுனை மளிகைக் கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் வைத்தோம். கழுத்தில் பொறித்திருந்த காலி எடை 6.4 கிலோ, முழுசாக இருந்தால் 8.4 வந்திருக்க வேண்டும். வந்தது 7.6. முக்கால் கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. வந்தவர் ஸ்டிக்கரை மட்டும் மாற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். மாமாவுக்கு வயது எழுபத்திரண்டு. அந்தச் சிலிண்டரை நம்பித்தான் அவரும் அத்தையும் தனியாக இருக்கிறார்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பவுடரிலும் ஏமாற்ற முடியாதா என்றால், முடியும். முள் பச்சையில் இருந்தும் உள்ளே தூள் இறுகிக் கட்டியாகி இருக்கலாம். அதனால் மாதம் ஒருமுறை இறக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கிறேன், தூள் சரிந்து இறங்குவது கைக்குத் தெரியும். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டி எடையையும் குறித்து வைத்திருக்கிறேன். அதே தராசில் சி.ஓ.2வையும் நிறுக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுக்கலாம். ஆனால் மாதாமாதம் எட்டு கிலோவை இறக்கி மாட்டுவார்களா வீட்டில்? கேஜைப் பார்ப்பதற்கு எந்த முயற்சியும் வேண்டாம், அதுதான் வித்தியாசம்.

இன்னொன்று: பவுடரை ஒரே ஒரு நொடி அழுத்திப் பார்த்தாலும் முழு ரீஃபில் செய்தாக வேண்டும். வால்வில் தூள் சிக்கி, அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும். "டெஸ்ட்" பண்ணிப் பார்க்கும் ஆசையே கூடாது. சிலிண்டர் உடல் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனை பவுடருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை, சி.ஓ.2வுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை; அந்தக் கணக்கில் சி.ஓ.2வுக்குச் செலவு தள்ளிப் போகிறது. வாங்கும் விலையில் சி.ஓ.2 பவுடரைப் போல இரண்டு மூன்று மடங்கு என்பதால் எனக்கு அந்த லாபம் பெரிதாகப் படவில்லை.

எடையும் முக்கியம். என் பவுடர் சிலிண்டர் மொத்தமே நான்கு கிலோவுக்குள். அம்மா ஒரு கையில் தூக்கி, பின்னை இழுத்து, பிடியை அழுத்தும் வரை செய்து காட்டச் சொன்னேன் (அழுத்த மட்டும் விடவில்லை). மாமாவின் சிலிண்டரை அம்மாவால் இடுப்புக்கு மேல் தூக்க முடியவில்லை. அத்துடன் சி.ஓ.2 வெளிவரும் கூம்பு உறைபனிக் குளிர்ச்சி அடையும், அதைப் பிடித்தால் தோல் வெந்துவிடும். சிறிய அடைத்த அறையில் அடித்தால் மூச்சும் முட்டும்.

உண்மையான வீட்டுத் தீயில் நான் இரண்டையும் பயன்படுத்தியதில்லை. பயிற்சித் தட்டு மட்டும்தான். எண்ணெய் வாணலித் தீக்கு இரண்டுமே எனக்கு முதல் தேர்வு இல்லை. பக்கத்தில் நின்று அடித்தால் எரியும் எண்ணெய் தெறிக்கும், சி.ஓ.2வில் எண்ணெய் ஆறாததால் மறுபடி பற்றும். அதற்கு அம்மா செய்தது போல மூடிதான், அல்லது கண்ணாடி இழையில் நெய்த ஃபயர் பிளாங்கெட். அதையும் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். காஸ் ட்யூப் எரிந்தால் முதலில் ரெகுலேட்டரை மூட வேண்டும். கசிவு என்றால் 1906, தீ என்றால் 101.

சிலிண்டரை அடுப்புக்கு மேலே மாட்டத்தான் ஆசாரி துளை போட வந்தார். வேண்டாம் அண்ணே என்று வாசல் பக்கச் சுவருக்கு மாற்றச் சொன்னேன். தீயைத் தாண்டிப் போய் எடுக்க முடியாதே. இப்போது சமையலறைக் கதவுக்கு வெளியே, அம்மாவின் தோள் உயரத்தில் தொங்குகிறது. மாமாவும் அடுத்த மாதம் ஒரு பவுடர் வாங்கப்போகிறார்; சி.ஓ.2வை முறையாக நிரப்பி, இன்வெர்ட்டர் பக்கம் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.