ஸ்டாட்டிக் ரூட் போட்டாச்சு என்றால் நம்பாதீர்கள், ரூட்டிங் டேபிளைக் காட்டச் சொல்லுங்கள்

வீட்டில் இரண்டு ரூட்டர் இருந்து, அதைச் சரிசெய்ய ஆள் கூப்பிடப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் முதல் ரூட்டர் 192.168.1.1. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதன் வெளிப்பக்க முகவரி 192.168.1.2, உட்பக்க நெட்வொர்க் 192.168.2.0. குடும்பப் படங்களும் சொத்துப் பத்திர நகல்களும் இருக்கும் நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாகத் திறக்கும் சேமிப்புப் பெட்டி) உள்ளே 192.168.2.10-இல் இருக்கிறது. முதல் ரூட்டரோடு இணைந்த கம்ப்யூட்டரிலிருந்து அதைத் திறக்க முடியவில்லை. காரணம் எளிது. 192.168.2.0 எந்தப் பக்கம் என்று முதல் ரூட்டருக்குத் தெரியாது. தெரியாததையெல்லாம் 0.0.0.0 என்ற டிஃபால்ட் ரூட் வழியாக இணையத்தின் பக்கம் தள்ளிவிடும். அங்கே இந்த மாதிரித் தனி முகவரிகளுக்கு வழியே கிடையாது.

இதற்கு முதல் ரூட்டரில் ஸ்டாட்டிக் ரூட் போட வேண்டும், அதாவது அந்த நெட்வொர்க்குக்கு எந்த வழியாகப் போவது என்று கையால் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். சரிசெய்ய வந்தவர் கொஞ்ச நேரம் தட்டினார். "ஸ்டாட்டிக் ரூட் போட்டுட்டேன் சார், 192.168.1.2-ன்னு அடிச்சுப் பாருங்க" என்றார். நாஸ் திறந்தது. காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஏமாற்று அங்கேதான் இருக்கிறது. ரூட் சரியாக இருந்தால் நாஸ் அதன் சொந்த முகவரியிலேயே, அதாவது 192.168.2.10-இலேயே திறக்க வேண்டும். ரூட்டரின் முகவரியில் திறக்கிறது என்றால் யாரோ கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அப்புறம் நாஸின் லாக்கைப் பார்த்தால், முன்பின் தெரியாத வெளி முகவரிகளிலிருந்து வரிசையாக லாகின் முயற்சிகள். முதல் ரூட்டரைத் திறந்தேன். டிஎம்இசட் என்ற வசதி ஆன் செய்யப்பட்டு 192.168.1.2-ஐக் காட்டிக்கொண்டிருந்தது. அதனால் வெளியிலிருந்து வருவதெல்லாம் நேராக இரண்டாவது ரூட்டருக்கு, அங்கிருந்து நாஸுக்கு. ஸ்டாட்டிக் ரூட் பக்கத்தில் ஒரு வரி இருந்தது உண்மைதான். ஆனால் கேட்வே, அதாவது அடுத்து யாரிடம் கொடுக்க வேண்டும் என்ற முகவரி, 192.168.2.1 என்று போட்டிருந்தார். அந்த முகவரியை முதல் ரூட்டரால் நேரடியாக எட்ட முடியாது, அதனால் அந்த வரி ரூட்டிங் டேபிளில் (ரூட்டர் உண்மையில் பயன்படுத்தும் வழிகளின் பட்டியலில்) ஏறவே இல்லை. இரண்டாவது ரூட்டருக்குள் நுழையலாம் என்றால் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி வைத்திருக்கிறார். கேட்டதற்கு, திரும்ப வருவதற்குத் தனிக் கட்டணமாம்! எங்கள் வீட்டு ஆவணங்களை ஊருக்கே திறந்துவிட்டு, அதன் சாவிக்கும் காசு கேட்கிறார்.

ரீசெட் பட்டனை அழுத்தி நாங்களே எல்லாவற்றையும் புதிதாக அமைத்தோம். முதல் ரூட்டரில் டிஎம்இசட் ஆஃப். ரூட் இப்படி: டெஸ்டினேஷன் 192.168.2.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.2. இரண்டாவதில் நேட்டை (உள் முகவரிகளைத் தன் முகவரியாக மாற்றி அனுப்புவதை) நிறுத்தி, 192.168.1.0-இலிருந்து வருவதை மட்டும் ஃபயர்வாலில் அனுமதித்தோம். சில வீட்டு ரூட்டர்கள் தங்கள் சொந்த நெட்வொர்க்குக்கு மட்டுமே நேட் செய்யும். அப்படியானால் உள் நெட்வொர்க்கில் இணையம் நின்றுவிடும், அதையும் சோதித்துப் பாருங்கள்.

யாரை வைத்துச் செய்தாலும் சரி, காசு கொடுக்கும் முன் ரூட்டிங் டேபிளைத் திறக்கச் சொல்லுங்கள். அமைப்புப் பக்கம் போதாது, டேபிளே வேண்டும். அந்த வரி இன்டர்ஃபேஸ் இடத்தில் லேன் (வீட்டுப் பக்கம்) என்று காட்ட வேண்டும், வான் (இணையப் பக்கம்) என்று அல்ல. பிறகு முதல் ரூட்டரோடு இணைந்த கம்ப்யூட்டரிலிருந்து நாஸுக்கு ட்ரேஸ்ரூட் (போகும் வழியை வரிசையாகக் காட்டும் கட்டளை) ஓட்டுங்கள்: 192.168.1.1, 192.168.1.2, 192.168.2.10 என்று வர வேண்டும். இரண்டு ரூட்டரின் பாஸ்வேர்டையும் உங்கள் கையாலேயே மாற்றிய பிறகு அவரை அனுப்புங்கள்.