ஓநாய்ப் பெயர் தேட ஐந்து தரவுத்தளங்கள்: எதை எதற்கு நம்பலாம்?

நாய் என்பது சாம்பல் ஓநாயின் துணையினமா, தனிச் சிற்றினமா? அமெரிக்காவின் செவ்வோநாய் தனிச் சிற்றினமா? இமயமலை ஓநாயை எந்தப் பெயரில் எழுதுவது? இந்த மூன்று கேள்விகளையும் கொடுத்துப் பார்த்தாலே ஒரு வகைப்பாட்டுத் தரவுத்தளத்தின் குணம் தெரிந்துவிடும். மேமல் ஸ்பீசிஸ் ஆஃப் தி வேர்ல்ட் (மூன்றாம் பதிப்பு), மேமல் டைவர்சிட்டி டேட்டாபேஸ், என்சிபிஐ டாக்சானமி (அமெரிக்க மரபணுத் தரவு மையத்தினுடையது), ஐயூசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம்) சிவப்புப் பட்டியல், ஸ்பீசிஸ் பிளஸ் (வனவிலங்கு வணிகச் சட்டத் தரவு) ஆகிய ஐந்தையும் இந்த மூன்று கேள்விகளை வைத்தே இங்கே எடை போடுகிறோம். ஐந்திலும் தேடக் கட்டணம் இல்லை. விடைகள் மட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

முதலில் மேமல் ஸ்பீசிஸ் ஆஃப் தி வேர்ல்ட். 2005இல் வந்த அச்சுநூலின் இணைய வடிவம் இது. பக்னெல் பல்கலைக்கழகத்தின் தளத்தில் இருக்கிறது. ஓநாய்த் துணையினப் பட்டியல் என்று இணையத்தில் சுற்றுவதில் பெரும்பகுதி இதிலிருந்து எடுத்ததுதான். கேனிஸ் லூபஸ் (சாம்பல் ஓநாயின் அறிவியல் பெயர்) பக்கத்தைத் திறந்தால் பெயரிட்டவர், ஆண்டு, மூல இடம் (முதலில் விவரித்த விலங்கு கிடைத்த இடம்), பரவல், ஒத்தபெயர்கள் (அதே விலங்குக்கு வைத்த, இப்போது ஏற்கப்படாத பெயர்கள்), குறிப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். லின்னேயஸ், 1758, சுவீடன் என்று அடிப்படை விவரம் சுத்தமாக இருக்கிறது. ஒரு பழைய பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடுபவருக்கு இன்றும் இதைவிட வசதியான தொடக்கம் இல்லை.

சிக்கல் அதன் 38 துணையினங்களில் இருக்கிறது. அந்த எண்ணை அப்படியே எடுத்து எழுதுவோர் இரண்டு விஷயங்களைக் கவனிப்பதில்லை. ஒன்று, வீட்டு நாயும் ஆஸ்திரேலியக் காட்டு நாயான டிங்கோவும் அந்த 38இல் அடக்கம். இரண்டு, செவ்வோநாயும் அதில் அடக்கம், அதுவும் ரூஃபஸ், கிரிகோரி, ஃபுளோரிடானஸ் என்று மூன்று தனித்தனிப் பெயர்களாக. பழைய நூல்கள் ஒரே செவ்வோநாயின் மூன்று துணையினங்களாக வைத்திருந்தவை இவை. மூன்றையும் சாம்பல் ஓநாயின் கீழ் நேராக இறக்கியதால் எண்ணிக்கை வீங்கிவிட்டது. நாயைத் துணையினமாக வைத்ததை மட்டும் குறையாகச் சொல்ல முடியாது. பட்டியலைத் தொகுத்த வோசன்கிராஃப்ட், துணையினம் என்ற கருத்தை இது இழுத்து நீட்டுவதாகத் தன் குறிப்பிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். பெயர்களை மட்டும் நகலெடுத்தவர்கள் அந்தக் குறிப்பை விட்டுவிட்டார்கள்.

வட அமெரிக்கப் பகுதி இன்னும் பலவீனமானது. அங்குள்ள பெயர்களில் பல 1930, 40களில் அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் கோல்ட்மேன் வைத்தவை. மண்டையோட்டின் நீளம், அகலம், பல்லின் அளவு, தோலின் நிறம் ஆகியவற்றில் தெரிந்த சிறு வேறுபாடுகளே அதற்கு அடிப்படை. ஓநாய் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து போய்ப் புது இடத்தில் இணை சேரும் விலங்கு. பக்கத்துப் பக்கத்து நிலப்பகுதிகளுக்கு ஆளுக்கொரு துணையினம் என்பது அந்த இயல்போடு பொருந்தவில்லை. 1995இல் ரொனால்ட் நோவாக் மண்டையோட்டு அளவுகளைப் புள்ளியியல் முறையில் ஒப்பிட்டு, வட அமெரிக்காவின் 24 துணையினங்களை ஐந்தாகக் குறைத்தார்: ஆர்க்டோஸ், பெய்லியை, லைகேயன், நூபிலஸ், ஆக்சிடென்டாலிஸ். அதற்குப் பத்து ஆண்டு கழித்து வந்த பட்டியலில் அந்தத் திருத்தம் ஏறவில்லை. ஐரோப்பாவிலோ நிலைமை தலைகீழ். இத்தாலிய ஓநாயான இட்டாலிகஸும் ஐபீரிய ஓநாயான சிக்னேட்டஸும் இந்தப் பட்டியலில் வெறும் ஒத்தபெயர்களாகக் கிடக்கின்றன. அவற்றைத் துணையினங்களாகவே நடத்தும் ஆய்வாளர்கள் பலர். பெயர் வரலாற்றுக்கு இந்தத் தளத்தைத் தாராளமாக நம்பலாம். இன்றைய எண்ணிக்கைக்கு இதை மேற்கோள் காட்டுவது தவறு.

அமெரிக்கப் பாலூட்டியியல் சங்கத்தின் மேமல் டைவர்சிட்டி டேட்டாபேஸ் எங்கள் முதல் தேர்வு. நாய் இங்கே கேனிஸ் ஃபெமிலியாரிஸ், செவ்வோநாய் கேனிஸ் ரூஃபஸ், கிழக்கு ஓநாய் கேனிஸ் லைகேயன், ஆப்பிரிக்கப் பொன்னிற ஓநாய் கேனிஸ் லூபாஸ்டர். பழைய பட்டியலோடு எங்கே, ஏன் வேறுபடுகிறது என்பதற்கு ஆய்வுக் கட்டுரையைச் சுட்டிக் குறிப்பும் தருகிறார்கள். இந்தக் குறிப்புகளுக்காகவே முழுக் கோப்பையும் தரவிறக்கலாம். அதில் வகைப்பாட்டுக் குறிப்புக்கு ஒரு நெடுவரிசை, வளர்ப்பு விலங்கா என்பதற்கு ஒரு நெடுவரிசை, அற்றுப்போனதா என்பதற்கு ஒரு நெடுவரிசை இருக்கும். திறக்கும்போது யூடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பெயரிட்டவர்களின் பெயர்களில் உள்ள ஐரோப்பிய எழுத்துகள் சிதைந்துவிடும். பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிப்பில் நிலைப்பாடு மாறலாம். இதன் வரம்பும் தெளிவானது: இது சிற்றினப் பட்டியல். பாலிப்பஸ் (இந்திய ஓநாய்), சாங்கோ போன்ற துணையினங்களைப் பிரித்துக் காட்டும்படி இதைக் கேட்க முடியாது. அந்த வேலைக்கு இது இல்லை என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் ஏமாற்றம் வராது.

லூபாஸ்டர் எப்படித் தனிச் சிற்றினம் ஆயிற்று என்பதைப் பார்த்தால் தரவுத்தளங்கள் ஏன் முரண்படுகின்றன என்பது புரியும். நெடுங்காலம் அது பொன்னிற நரியின் ஆப்பிரிக்க வடிவமாகவே கருதப்பட்டது. 2011இல் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை வைத்து, அது சாம்பல் ஓநாய்க்கு நெருங்கியது என்றார்கள். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டுமே வருவது. பழைய காலத்துக் கலப்பு ஒன்று நடந்திருந்தாலும் அது முழு உறவுபோலத் தோற்றம் காட்டும். 2015இல் உட்கரு மரபணுக்களையும் சேர்த்துப் பார்த்தபோது, அது நரியும் இல்லை, சாம்பல் ஓநாயும் இல்லை, தனிச் சிற்றினம் என்ற முடிவு கிடைத்தது. ஆக, ஒரு தரவுத்தளம் எந்த ஆண்டில், எந்த வகைச் சான்றோடு நின்றுவிட்டதோ, அதைப் பொறுத்து விடை மாறும்.

என்சிபிஐ டாக்சானமியை வகைப்பாட்டு ஆதாரமாகக் காட்டவே கூடாது. அந்தத் தளமே தன்னை அப்படிக் கருத வேண்டாம் என்று அறிவித்திருக்கிறது. மரபணு வரிசைகளை எடுக்க மட்டும் இது தவிர்க்க முடியாதது. இங்கே கேனிஸ் லூபஸின் அடையாள எண் 9612. அதை அப்படியே கொடுத்தால் அதன் கீழுள்ள நாய் வரிசைகளும் சேர்ந்து வந்து குவியும், ஓநாய் அதில் மூழ்கிப்போகும். 9615 (நாய்), 286419 (டிங்கோ) இரண்டையும் விலக்கும் நிபந்தனையோடு தேடுங்கள். 9615ஐ மட்டும் விலக்கினால் டிங்கோ உள்ளேயே இருக்கும். அடுத்த பொறி துணையினப் பெயர். வரிசையைச் சமர்ப்பித்தவர் வைத்த பெயரே பெரும்பாலும் பதிவில் நிற்கும். சாங்கோ என்றும் லனிகர் (திபெத்திய ஓநாய்) என்றும் தனித்தனிப் பதிவுகள் உண்டு. சாங்கோ என்ற பெயரை மங்கோலிய ஓநாய்க்கும் வைத்திருக்கிறார்கள், இமயமலை ஓநாய்க்கும் வைத்திருக்கிறார்கள். பெயரை நம்பி இரண்டையும் ஒரே குழுவில் போட்டால் மரபுவழி மரமே கோணலாக வரும். ஒவ்வொரு பதிவிலும் நாடு, சேகரித்த இடம், அருங்காட்சியக மாதிரி எண் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். இடமே குறிப்பிடாத பதிவைத் துணையின ஆய்வில் சேர்க்காதீர்கள்.

சிவப்புப் பட்டியலில் கேனிஸ் லூபஸ் உலக அளவில் 'குறைந்த அக்கறை' நிலையில் இருக்கிறது. செவ்வோநாய் தனிச் சிற்றினமாக 'மிக அருகிய' நிலையில். 2019இல் போர்ச்சுகலில் கூடிய நாய்க்குடும்ப வல்லுநர் குழு டிங்கோவையும் நியூகினி பாடும் நாயையும் காட்டில் திரியும் வளர்ப்பு நாய்களாகவே கருத வேண்டும் என்று சொன்னது. எனவே அவற்றுக்கு இங்கே மதிப்பீடு கிடையாது. அதே கூட்டம் இமயமலை ஓநாய்க்குத் தற்காலிகமாகச் சாங்கோ என்ற பெயரைப் பரிந்துரைத்தது. அந்தப் பெயரில்தான் 2023இல் அது 'அழிவாய்ப்பு' நிலையில் தனியாக மதிப்பிடப்பட்டது. தேடும்போது சிற்றினப் பக்கத்தோடு நிற்காமல், வடிகட்டியில் துணையினங்களும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் 'குறைந்த அக்கறை' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வருவீர்கள்; பாதுகாப்புப் பணியில் இருப்பவருக்கு அது மிக மோசமான பிழை. துணையினங்கள் எல்லாவற்றுக்கும் இங்கே பக்கம் இல்லை. பக்கம் இல்லை என்றால் அந்தத் துணையினமே செல்லாது என்று பொருள் கொள்ள வேண்டாம்.

ஸ்பீசிஸ் பிளஸ் சட்டத்துக்கானது. ஓநாய்த் தோலோ மண்டையோடோ இரத்த மாதிரியோ எல்லை தாண்டப் போகிறது என்றால் இதைத்தான் திறக்க வேண்டும். கேனிஸ் லூபஸ், சைட்ஸ் எனும் பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. பூட்டான், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் நாடுகளின் ஓநாய்கள் மட்டும் கட்டுப்பாடு மிகுந்த முதல் இணைப்பில். கோடு துணையினத்தின்படி போடப்படவில்லை, நாட்டின்படி போடப்பட்டிருக்கிறது. ஒரே இமயமலை ஓநாய், எல்லையின் எந்தப் பக்கத்தில் எடுத்த மாதிரி என்பதைப் பொறுத்து வேறு இணைப்புக்குப் போகும். வளர்ப்பு நாயும் டிங்கோவும் விலக்கப்பட்டிருப்பது அடிக்குறிப்பில்தான் தெரியும், அங்கே அவை ஓநாயின் துணையினங்களாகவே பெயரிடப்பட்டுள்ளன. அறிவியல் கட்டுரையில் எந்தப் பெயரை எழுதினாலும், அனுமதிப் படிவத்தில் சைட்ஸ் பெயரையே எழுதுங்கள்.

பெயரை எடுத்தாள்வதில் ஒரு நுட்பம். பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அந்த விலங்கு பின்னாளில் வேறு பேரினத்துக்கு மாறிவிட்டது என்று பொருள். செவ்வோநாயை 1851இல் ஆடுபானும் பாக்மனும் ஓநாயின் ஒரு வகையாகத்தான் விவரித்தார்கள். இன்று அது சிற்றினமாக உயர்ந்திருக்கிறது, ஆனால் பேரினம் மாறவில்லை. அதனால் அடைப்புக்குறி வராது. தரவுத்தளங்களிலிருந்து நகலெடுத்த அட்டவணைகளில் இந்தப் பிழை நிறையவே காணப்படுகிறது.

அறிக்கையில் பெயரோடு பெயரிட்டவர், ஆண்டு, எந்தத் தரவுத்தளத்தின் எந்தப் பதிப்பு, மாதிரி எடுத்த இடம் ஆகிய நான்கையும் சேர்த்து எழுதுங்கள். இடம் தெரியாத புகைப்படமோ தோலோ மட்டும் கையில் இருந்தால் கேனிஸ் லூபஸ் என்பதோடு நிறுத்துங்கள், மூன்றாவது பெயர் வேண்டாம்.