1500ஆர் வளைவும் 180 ஹெர்ட்ஸும்: ஒரே மேசையில் மூன்று மானிட்டர்

அக்கா மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். கோயில் கொடைக்கு ஊருக்கு வந்தவன், கொடை முடிந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டான். "மாமா, கேமிங் மானிட்டர் ஒண்ணு வேணும். பத்தாயிரத்துக்குள்ள."

நான் பாளையங்கோட்டையில் ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணுகிறவன். நாளெல்லாம் ஸ்கிரீன் முன்னால் இருப்பதால் குடும்பத்தில் மானிட்டர் சம்பந்தப்பட்ட எல்லா வழக்கும் என்னிடம்தான் வந்து நிற்கும். போனில் படம் பார்த்து இதைத் தீர்க்க முடியாது என்று பட்டது. என்னிடம் இருப்பது 24 இன்ச், தட்டையான ஐபிஎஸ், 165 ஹெர்ட்ஸ். அம்பாசமுத்திரத்து (அம்பை) நண்பன் வாங்கியது 24 இன்ச் கர்வ்டு, விஏ பேனல், 180 ஹெர்ட்ஸ். தென்காசியிலிருந்து எங்களுக்கு பிரிண்டிங் வேலை தருகிற தம்பி ஒருவன் வைத்திருப்பது 27 இன்ச், ஃபுல் எச்டி, ஐபிஎஸ், அதுவும் 180. ஐபிஎஸ், விஏ என்பவை திரைப் பேனலின் வகைகள், ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு செகண்டில் எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பது. மூன்றுமே 9,000-க்கும் 12,000-க்கும் இடையில் வாங்கியவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் என் கடை மேசைக்குக் கொண்டுவந்தாயிற்று.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இந்த விலையில் ஒரே கம்பெனியே ஐபிஎஸ்ஸும் விற்கிறது, விஏவும் விற்கிறது. ஒரே பேனல் நாலு பெயரில் வருவதும் உண்டு. பெட்டியில் பெயரைவிட உள்ளே இருக்கிற பேனலைப் பார்ப்பதுதான் பிரயோஜனம்.

முதலில் ஹெர்ட்ஸ் கணக்கு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு படத்தை மாற்ற 16.7 மில்லி செகண்ட் எடுக்கும். 144-இல் அது 6.9. 180-இல் 5.6. அதாவது 60-லிருந்து 144-க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லி செகண்ட் மிச்சம். அங்கிருந்து 180-க்குப் போனால் மிச்சம் ஒன்றரைகூட இல்லை. முதல் தாவலை என் அக்காகூடக் கண்டுபிடித்தாள். மவுஸ் அம்புக்குறியை வட்டமாகச் சுற்றிக் காட்டினேன், "இது வழுக்கிக்கிட்டு போகுது" என்றாள். இரண்டாவது தாவலை மருமகனிடம் சோதித்தேன். அவனைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அம்பைக்காரனின் மானிட்டரை 144-க்கும் 180-க்கும் மாற்றி மாற்றி வைத்தேன். ஆறு முறையில் மூன்று முறை சரியாகச் சொன்னான். காசைச் சுண்டிப் போட்டாலும் அதே மூன்றுதான் வந்திருக்கும்.

அம்பைக்காரன் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எட்டு மாசமாக அதில் விளையாடுகிறான். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போய்ப் பார்த்தால் 60 என்று நிற்கிறது. விண்டோஸ் பல நேரம் தானாக 60-இல்தான் வைக்கும், நாம்தான் மாற்ற வேண்டும். மாற்றப் போனால் பட்டியலில் 180-ஐயே காணோம். சிபியூவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பெட்டியோடு வந்த டிஸ்ப்ளே போர்ட் கேபிளை அவன் பிரிக்கவே இல்லையாம். பழைய டிவிக்கு வாங்கிய எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியிருந்தான், அதுவும் கிராஃபிக்ஸ் கார்டில் இல்லை, மதர்போர்டில். "மக்கா, அப்ப எட்டு மாசமா நான் எதுலல விளையாண்டேன்?" என்றான். கேபிளை மாற்றி, கார்டில் செருகி, 180 வைத்த பிறகு ஒரு மணி நேரம் அவனை மேசையிலிருந்து கிளப்ப முடியவில்லை.

பல மானிட்டர்களில் எச்டிஎம்ஐ வழியாக 144 வரைக்கும்தான் வரும், முழு வேகம் டிஸ்ப்ளே போர்ட்டில்தான். வாங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட மானிட்டரில், லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டும் உள்ளவர்களுக்கு 180 என்பது பெட்டியில் அச்சடித்த எண், அவ்வளவுதான்.

இனி பேனல். ராத்திரி எட்டரைக்குக் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, லைட்டை அணைத்து, மூன்றிலும் வெறும் கறுப்புப் படம் போட்டோம். கர்வ்டு விஏ அப்படியே இருட்டோடு இருட்டாகப் போய்விட்டது. பக்கத்தில் என் ஐபிஎஸ், கறுப்பு என்று சொல்லிக்கொண்டு சாம்பல் நிறத்தில் நின்றது. கீழ் வலது மூலையில் விளக்குத்திரி புகைகிற மாதிரி ஒரு மஞ்சள் வெளிச்சம் வேறு. விஏ பேனலின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) பொதுவாக 3000-க்கு 1, ஐபிஎஸ்ஸில் 1000-க்கு 1. இது பெட்டி எண் மட்டுமில்லை, கண்ணுக்கே தெரிகிறது. ராத்திரி லைட்டை அணைத்துப் படம் பார்க்கிறவருக்கு விஏதான், அதில் பேச்சே இல்லை.

ஆனால் கறுப்பு அசையாமல் இருக்கும்வரைக்கும்தான் இந்தப் பெருமை. மருமகன் ஒரு கேமைத் திறந்து இருட்டுக் குகைக்குள் ஓடினான். தூண்கள் இடமும் வலமும் நகரும்போது ஒவ்வொன்றின் பின்னாலும் ஈர மையை விரலால் இழுத்த மாதிரி ஒரு தடம். விலை குறைந்த விஏவில் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாற நேரம் பிடிக்கும், அதனால் வருகிற வினை இது. ஐபிஎஸ்ஸில் அதே குகை, அதே தூண்கள், ஓரம் சுத்தமாக இருந்தது. அம்பைக்காரன் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் இருட்டுலலாம் ஓட மாட்டேன்" என்றான்.

என் தொழில் கண்ணுக்கு இன்னொன்று உறுத்தியது. ஒரு கல்யாணப் பத்திரிகையின் மெரூன் பின்னணியை விஏவில் திறந்தேன். நேரே பார்த்தால் மெரூன். நாற்காலியில் கொஞ்சம் சரிந்தால் ஓரத்தில் அது வெளுத்த செங்கல் நிறமாகிறது. கேம் மட்டும் விளையாடுகிறவன் இதைக் கவனிக்கவே மாட்டான். ஆனால் நம் வீடுகளில் மானிட்டர் ஒருத்தருக்கு மட்டுமா? அக்கா வீட்டில் மேசைக்குப் பக்கவாட்டில்தான் கட்டில். அவன் தம்பி கட்டிலில் படுத்துக்கொண்டு கார்ட்டூன் பார்ப்பான். பக்கவாட்டுப் பார்வைக்கு ஐபிஎஸ்தான் தாங்கும்.

வளைவைப் பற்றி நான் சொன்னால் அம்பைக்காரனுக்குக் கோபம் வரும். 1500ஆர் என்றால் ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. 34 இன்ச் அகலத் திரையில் அதற்கு அர்த்தம் உண்டு, ஓரங்கள் கண்ணை நோக்கித் திரும்பும். 24 இன்ச்சில் அது வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டத்தான். எனக்கு அது தொந்தரவுகூட, கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் திரை வளைந்திருந்தால் எரிச்சல்தான் வரும்.

தென்காசித் தம்பியின் 27 இன்ச்சைத் திறந்ததும் எல்லோருக்கும் வாய் பிளந்தது. பெரிசு என்றால் பெரிசுதான். கார் ரேஸ் போட்டான், நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் நான் ஒரு தமிழ் ஃபைலைத் திறந்தேன். 24 இன்ச்சிலும் 27 இன்ச்சிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றேதான், 1920-க்கு 1080. அதே புள்ளியை இழுத்துப் பெரிதாக்கினால் ஒரு இன்ச்சுக்கு 92 இருந்த இடத்தில் 82-தான் இருக்கும். ஆங்கில எழுத்து பெரும்பாலும் நேர்கோடு, சமாளித்துக்கொள்ளும். நம் 'ணை', 'ஞ', 'ஜ' எல்லாம் சுழி மேல் சுழி. சின்ன அளவில் ணகரத்துக்கும் னகரத்துக்கும் வித்தியாசம் தெரிய முகத்தை முன்னே கொண்டுபோக வேண்டியிருந்தது. புரூஃப் பார்க்கிறவர் இதை வாங்கினால் தொழில் கெட்டுப்போகும். மூன்றடி தள்ளி உட்கார்ந்து விளையாட மட்டும் என்றால் சரி. 27 வேண்டும் என்று மனசு கிடந்து அடித்தால் 1440பி (2560-க்கு 1440 புள்ளி) வாங்குங்கள். ஆனால் அதற்கு வலுவான கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், பட்ஜெட் அங்கே உடையும்.

1 எம்எஸ் (புள்ளி நிறம் மாற ஒரு மில்லி செகண்ட்), எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் கூடுதலாகத் தெரியும் படம்) என்று மூன்று பெட்டியிலும் எழுதியிருந்தது. 1 எம்எஸ் வருவது, புள்ளியை வேகமாக நிறம் மாறவைக்கிற ஓவர்டிரைவ் செட்டிங்கைக் கடைசி அளவுக்கு வைக்கும்போது, அப்போது ஓடுகிற உருவத்தின் பின்னால் வெள்ளை நிழல் வரும். நடு அளவில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டுவதற்கு வெளிச்சம் கிடையாது. வெசா என்கிற மானிட்டர் தர அமைப்பின் டிஸ்ப்ளே எச்டிஆர் முத்திரையில் ஆகக் கீழ்ப்படியே 400 நிட் வெளிச்சம். இந்த விலையில் வருபவை பெரும்பாலும் 250, 300.

பெட்டியில் ஒருவரும் எழுதாத விஷயம் ஸ்டாண்டு. மூன்றுமே முன்னும் பின்னும் சாயும், ஏறி இறங்காது. தென்காசித் தம்பியுடையது கீபோர்டைத் தட்டத் தட்ட ஆடிக்கொண்டே இருந்தது, மேலே ஒரு ஊசி வைத்திருந்தால் விழுந்திருக்கும். நான் என்னுடையதை இரண்டு ஏ4 ரீம் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். கழுத்துக்குச் சரியான உயரம், அவசரத்துக்குப் பேப்பரும் அங்கேயே இருக்கிறது. பின்னால் வெசா துளைகள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள், பின்னாளில் ஆர்ம் வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

மருமகனின் சிபியூவில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, ரைசன் பிராசஸரில் உள்ளதுதான். வாலரண்ட் மாதிரி இலகுவான கேம் அதில் செகண்டுக்கு நூறு ஃப்ரேமைத் (படத்தைத்) தாண்டுகிறது. கனமான கேம் ஐம்பதில் தள்ளாடுகிறது. அவனுக்கு ஹெர்ட்ஸைவிட ஃப்ரீசிங்க்தான் முக்கியம். கம்ப்யூட்டர் எத்தனை ஃப்ரேம் தருகிறதோ அதற்கேற்ப மானிட்டரும் இறங்கி வரும், படம் நடுவில் கிழியாது. இது ஏஎம்டியின் ஏற்பாடு என்றாலும் 2019 ஜனவரியிலிருந்து என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகளும் அதற்குப் பிந்தியவையும் இப்படிப்பட்ட மானிட்டர்களோடு ஒத்துப்போகின்றன.

இப்போது ஆபீஸ் மானிட்டர்களே 100 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ்ஸில் வருகின்றன, இன்னும் விலை குறைவாக. எப்போதாவது விளையாடுகிறவருக்கு அதுவே தாராளம். மருமகனிடமும் அதைத்தான் முதலில் சொன்னேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து டிஎன் என்கிற பழைய பேனல் வகை மானிட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னதையும் தள்ளிவிட்டேன். பழைய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் சிலவற்றில் அந்த வேகம் டூயல் லிங்க் டிவிஐ என்கிற பழைய வகை கேபிள் வழியாகத்தான் வரும். இன்றைய கார்டுகளில் அந்தத் துளையே இல்லை.

கடையா, ஆன்லைனா என்பதில் என் மனசு கடைப்பக்கம். காரணம் என் சொந்த அனுபவம். முதல் மானிட்டரை ஆன்லைனில் வாங்கினேன். நடுத்திரையில் ஒரு பச்சைப் புள்ளி அணையாமல் எரிந்தது. ஃபுல் எச்டியில் 20,73,600 புள்ளிகள். அதில் ஒன்று கெட்டால் வாரண்டியில் சேராது என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளைப் பின்னணியில் நான் டிசைன் பண்ணும்போதெல்லாம் அது என்னையே பார்க்கும். கடையில் என்றால் அங்கேயே ஆன் பண்ணி சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஒவ்வொரு நிறமாகத் திரை முழுக்க ஓடவிட்டுப் பார்க்கலாம். ஆன்லைன்தான் என்றால் பெட்டி பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள். எங்கே வாங்கினாலும் ரிப்பேர் என்றால் ஊரிலேயே பார்ப்பார்களா, பெட்டி கட்டி மதுரைக்கு அனுப்பணுமா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முருகன்குறிச்சியில் ஒரு கடைக்குப் போனோம். "பில் வேணுமா அண்ணாச்சி?" என்றார். 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடித்து மூன்று வருஷ வாரண்டியைத் தொலைக்க விருப்பமில்லை, வேணும் என்றேன். தட்டையான 24 இன்ச் ஐபிஎஸ், 165 ஹெர்ட்ஸ். முதல் பெட்டியில் கறுப்புப் படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. கடைக்காரர் முணுமுணுக்காமல் இரண்டாவதைப் பிரித்தார், சுத்தம். 9,600 ரூபாய்.

மேலப்பாளையத்துக்கு பைக்கில் திரும்பினோம், பெட்டி அவன் மடியில். குலவணிகர்புரம் கேட் அடைத்துக் கிடந்தது. ரயில் வருவதற்குள் பின்னாலிருந்து குரல்: "மாமா, இதே மானிட்டர் ஆன்லைன்ல இப்போ முன்னூறு ரூவா கம்மி."

"போனைப் பையில போடுல," என்றேன்.