தெனெவ் கட்டு: பத்து டிவிடி, நாற்பது யூரோ, கொடுக்கலாமா?

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், சான் தெனியில் மரேஷால் லெக்லேர் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் பழைய புத்தகமும் டிவிடியும் விற்கிற கடை இருக்கிறது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, கீழே கொஞ்சம் திட்டவும் போகிறேன். கடைக்காரர் பழைய டிவிடிகளை நடிகர் வாரியாகப் பொறுக்கி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாக விற்கிறார். கபேன் கட்டு, தெலோன் கட்டு, அப்புறம் பிரெஞ்சு நடிகை கத்தரீன் தெனெவ் கட்டு. நான் வாங்கியது கடைசியாகச் சொன்னது. பத்துப் படம், நாற்பது யூரோ. பிரான்சிலிருந்து தருவித்தால் ரெயூனியனுக்குத் தபால் கூலியே வட்டுக்குச் சமமாக வந்து நிற்கும், ஆகவே ஒரு படம் நாலு யூரோ என்பது நியாயமான விலைதான்.

முதலில் பாராட்டு. மனிதர் வெறுமனே கையில் கிடைத்ததை எல்லாம் சேர்த்துக் கட்டவில்லை. 1964 இல் தொடங்கி 2019 வரை, ஆண்டு வரிசைப்படி அடுக்கி, மேலே ஒரு துண்டுச் சீட்டில் கையால் பட்டியலும் எழுதி வைத்திருக்கிறார். அந்த வரிசையிலேயே பாருங்கள், இடையில் தாவாதீர்கள். இருபது வயதுப் பெண் எழுபத்தைந்து வயதுக் கிழவியாகிற வரைக்கும் ஒரே முகத்தைத் தொடர்ந்து பார்க்கிற வாய்ப்பு வேறு எந்த நடிகையிடம் கிடைக்கும்? நம்ம ஊர் சினிமாவில் நாயகிக்கு முப்பத்தைந்து தாண்டினால் அண்ணி, நாற்பதில் ஹீரோவுக்கு அம்மா, அதற்கு மேல் டிவி சீரியல்.

முதல் வட்டு 'ஷெர்பூர் குடைகள்'. ழாக் தெமி இயக்கியது, மிஷேல் லெக்ராந்து இசை, வசனம் முழுக்கப் பாட்டு, பெட்ரோல் போடுகிறவர்கூடப் பாடித்தான் பேசுவார். காரைக்காலிலிருந்து வந்திருக்கும் என் அத்தைக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது, தமிழில் சப்டைட்டில் கிடையாது, ஆனாலும் படம் முடிந்ததும் "பையன் பட்டாளத்துக்குப் போயிட்டான், இவ வயித்துல புள்ளையோட நகைக்கடைக்காரனக் கட்டிக்கிட்டா, அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவேதான். தெனெவ் அதில் சொந்தக் குரலில் பாடவில்லை, தானியேல் லிகாரி என்பவரின் குரல். இதைப் பிரெஞ்சு நண்பர்களிடம் சொன்னால் ஏதோ ஏமாந்தது போல முகம் சுளிக்கிறார்கள், சுசீலாம்மா குரலுக்கு யார் யாரோ வாயசைத்ததைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதில் என்ன குறை?

அடுத்தது 'ரிபல்ஷன்', 1965, போலன்ஸ்கி இயக்கம். லண்டனில் அழகு நிலையம் ஒன்றில் நகம் திருத்துகிற பெல்ஜியப் பெண், வீட்டில் தனியாக இருக்க நேரும்போது மனம் சிதைந்து போகிறாள். இங்கேதான் கடை மேல் என் முதல் புகார். படம் ஆங்கிலத்தில் எடுத்தது, ஆனால் கட்டில் இருக்கிற வட்டு ஏதோ பழைய பதிப்பு, பிரெஞ்சு டப்பிங் மட்டும்தான் இருக்கிறது. பேச்சே குறைவான பாத்திரம், அந்தக் கொஞ்சப் பேச்சிலும் அந்நிய ஊர்ப் பெண்ணின் தடுமாற்றம் தெரிய வேண்டும், எல்லோரும் சரளமாகப் பிரெஞ்சு பேசினால் அது எங்கிருந்து தெரியும்? போய்ச் சொன்னேன். மாற்றித் தர மாட்டாராம்.

1967 இல் வந்த இரண்டு படங்கள் கட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. 'ரோஷ்ஃபோர் பெண்கள்' படத்தில் கூடப் பிறந்த அக்கா பிரான்சுவாஸ் தோர்லெயாக்கோடு சேர்ந்து இரட்டைச் சகோதரியாக ஆடுகிறார். படம் வந்த சில மாதங்களில், அதே ஆண்டு ஜூன் மாதம், அக்கா நீஸ் நகருக்கு அருகே கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. இது தெரிந்து அந்த மஞ்சள், ரோஜா நிற உடைகளைப் பார்க்கும்போது படம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. இன்னொன்று 'பெல் தெ ஜூர்', புனுவல் இயக்கம், வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. டாக்டர் மனைவி பிற்பகலில் யாருக்கும் தெரியாமல் விபச்சார விடுதிக்கு வேலைக்குப் போகிறாள். அத்தை கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்துப் போட்டேன், நீங்களும் வீட்டு நிலவரம் பார்த்துப் போடுங்கள்.

இந்தப் படத்தில்தான் இவர் நடிப்பு எனக்குப் பிடிபட்டது. சிவாஜி படம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதலில் இவர் நடிக்கவே இல்லை என்றுதான் தோன்றும். முகத்தில் எதுவும் அசைவதில்லை, குரல் ஏறுவதில்லை. அந்தப் பெண் ஏன் அங்கே போகிறாள் என்று படம் கடைசி வரை சொல்லாது, தெனெவும் காட்டிக் கொடுக்க மாட்டார், நாமாகத்தான் அந்த முகத்தில் எதையாவது எழுதிப் படித்துக்கொள்ள வேண்டும். வெறும் அழகு என்று இவரை ஒதுக்குகிறவர்கள் சொல்கிற குறையும் இதேதான், அவர் முகம் பனிக்கட்டி என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அழகை ஒரு திரையாகத் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் நின்று நடிக்கிறார். அழகு வற்றிய பிறகும் அந்த வித்தை கையில் இருந்தது, ஐம்பது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அதுதான் என்பது என் கட்சி.

சரி, பெரிய புகாருக்கு வருகிறேன். இந்தக் கட்டில் ரெயூனியன் படம் இல்லை! 1969 இல் த்ரூஃபோ எடுத்த 'மிஸிஸிப்பிக் கடற்கன்னி', தெனெவும் பெல்மோந்தோவும் நடித்து, இந்தத் தீவிலேயே வந்து பிடித்த படம். கேட்டால் அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டுகிறார், தனி வட்டு, தனி விலை, பதினைந்து யூரோ. தீவுக்காரர்கள் எப்படியும் கேட்டு வருவார்கள் என்று மனிதருக்குத் தெரியும். எரிச்சலோடுதான் வாங்கினேன், வாங்கியதற்கு வருந்தவில்லை.

மூலக்கதை அமெரிக்க நாவல், நியூ ஆர்லியன்ஸில் நடப்பது, த்ரூஃபோ அதை இங்கே கொண்டுவந்துவிட்டார். புகையிலைத் தோட்டமும் சிகரெட் தொழிற்சாலையும் வைத்திருக்கும் பணக்காரன், கடிதம் மூலமாகவே பெண் பார்க்கிறான். கப்பலில் வந்து இறங்குகிறவள் ஃபோட்டோவில் இருந்தவள் இல்லை, அதைவிட அழகு, அவன் கேள்வியே கேட்காமல் கட்டிக்கொள்கிறான். கல்யாணம் நடப்பது நம்ம சேந்த் ஆன் தேவாலயத்தில். சான் பெனுவா தாண்டி வண்டியில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கும், முகப்பு முழுக்க வேலைப்பாடு செய்த அதே கோயில்தான். பிறகு அவள் வங்கிப் பணத்தை வழித்துக்கொண்டு ஓடிவிடுகிறாள், கதையும் பிரான்சுக்குப் போய்விடுகிறது. பாதிப் படம் வரைதான் நம் ஊர். அந்தப் பாதியிலும் கதைக்கு மல்பார்கள், அதாவது இந்தத் தீவின் தமிழ் வம்சாவளிக்காரர்கள், தேவைப்படவில்லை. நம்மவர்களும் ஒப்பந்தச் சீட்டோடு கப்பலில் வந்து இறங்கியவர்கள்தான், ஆனால் இறங்கியது கரும்புக் காட்டில், மாளிகையில் இல்லை.

வெளியானபோது படம் சரியாக ஓடவில்லை. ஆனால் கட்டில் இருக்கிற 'கடைசி மெத்ரோ' (1980) பார்க்க வேண்டுமானால் இதை முதலில் பார்த்தாக வேண்டும். இரண்டுமே த்ரூஃபோ. இரண்டிலும் தெனெவின் பாத்திரத்துக்குப் பெயர் மரியோன். உன்னைப் பார்ப்பது சந்தோஷமா வேதனையா என்று பெல்மோந்தோவோடு பேசுகிற பேச்சு, பதினோரு வருடம் கழித்துத் தெபார்தியூவோடு மேடை வசனமாகத் திரும்பி வருகிறது. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் யூதக் கணவனை நாடக அரங்கின் நிலவறையில் ஒளித்து வைத்துவிட்டு மேலே அரங்கை நடத்துகிறவள், அதாவது நாள் முழுக்க முகத்தில் எதையும் காட்டக் கூடாதவள். இவருக்கென்றே எழுதிய பாத்திரம். பிரெஞ்சு சினிமாவின் பெரிய விருதான செசார் பத்து வாங்கியது, சிறந்த நடிகை உட்பட. கட்டில் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் என்றால் இதைப் பாருங்கள்.

'இந்தோசீன்' (1992) இரண்டாவது செசாரும் ஆஸ்கர் பரிந்துரையும் வாங்கிக் கொடுத்தது. ரப்பர் தோட்ட முதலாளியம்மா, வியட்நாம் பெண்ணைத் தத்தெடுத்து வளர்க்கிறார். படம் நீளம், அழகு, எனக்குக் கொஞ்சம் அலுப்பு. தோட்டத்து வாழ்க்கையை இத்தனை ஏக்கத்தோடு பார்க்க நமக்கு மனசு வராது.

கடைசி நாலும் நல்ல தேர்வு. லார்ஸ் வான் ட்ரையருக்குத் தானே கடிதம் எழுதி, பாடகி பியோர்க்கின் பக்கத்தில் தொழிற்சாலைக்காரியாக நடித்தது 2000 இல் வந்த 'டான்சர் இன் தி டார்க்', கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது. ஐம்பத்தாறு வயதில், அத்தனை புகழோடு, துணைப் பாத்திரத்துக்குத் தானாக எழுதிக் கேட்கிற ஆள்! 'எட்டுப் பெண்கள்' (2002) படத்தில் சொந்தக் குரலிலேயே பாடுகிறார், ஃபானி ஆர்தானோடு தரையில் உருண்டு சண்டையும் போடுகிறார். இருவருமே வெவ்வேறு காலத்தில் த்ரூஃபோவின் துணைவிகள் என்பது தெரிந்தால் இன்னும் சிரிப்பு வரும். 2010 இன் 'போதீஷ்' படத்தில் குடைத் தொழிற்சாலையை நடத்துகிறார், முதல் வட்டை மறந்திருக்க மாட்டீர்கள். 'உண்மை' (2019) ஜப்பானியர் கொரே-எடா எடுத்தது. வயதான, வாய்த்துடுக்கான நட்சத்திர நடிகை, மகளாக ஜூலியத் பினோஷ். அத்தைக்கு மிகவும் பிடித்தது இதுதான், அம்மா மகள் சண்டைக்குச் சப்டைட்டில் எதற்கு?

அதே ஆண்டு நவம்பரில் வேறொரு படத்தின் படப்பிடிப்பின்போது தெனெவுக்குப் பக்கவாதம் வந்தது, தேறி வந்து அந்தப் படத்தையும் முடித்தார், 2023 இல் 'பெர்னதெத்' படத்தில் பிரான்சின் முன்னாள் அதிபர் ஜாக் ஷிராக்கின் மனைவியாக நடித்தார். கட்டில் அது இல்லை, அதற்காகக் கடையைக் குறை சொல்ல முடியாது.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், ஒன்று போலன்ஸ்கி வட்டுக்காகவும் அரை அந்தப் பதினைந்து யூரோவுக்காகவும் கழித்தது. வட்டுகள் எல்லாமே கீறல் இல்லாமல் சுத்தமாக ஓடின. சப்டைட்டில் காது கேளாதவர்களுக்கான பிரெஞ்சு மட்டும், அதுவும் எல்லாவற்றிலும் இல்லை. பணம் கொடுக்கும் முன்பே போலன்ஸ்கி வட்டை உருவி வைத்துவிட்டு, அதற்குப் பதில் ரெயூனியன் படத்தைக் கட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். எனக்குத் தோன்றவில்லை, பிறகு போன நண்பர் ஒருவர் ஐந்து யூரோ கூட வைத்து அப்படித்தான் வாங்கி வந்தார்.