எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி: நம்பிப் போகலாம்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிற சின்னக் கடை இது, உள்ளே இரண்டு பேர் நின்றாலே இடம் நிறைந்துவிடும், ஆனால் வேலை அவ்வளவு சுத்தம். கடைக்கார அண்ணன் ஆம்பூர்க்காரர், தமிழிலேயே பேசலாம். என் பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலைச் சேமிக்கிற டிஸ்க்) போடப் போனேன், அதிலும் வேகம் அதிகமான என்விஎம்இ வகையைக் கேட்டேன். அவர் பின்மூடியைக் கழற்றி, 2.5 இன்ச் சாட்டா (டிஸ்க்கை லேப்டாப்போடு இணைக்கிற பழைய வகை இணைப்பு) ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தைக் காட்டி, "இதுல அது உட்காராது சார், சாட்டாவே போதும், காசை வீணாக்காதீங்க" என்றார். விலை அதிகமான சரக்கைத் தலையில் கட்டாத அந்த நேர்மைக்காகவே இதை எழுதுகிறேன்.

சாட்டா எஸ்எஸ்டியின் வேகம் நொடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும், சரிதான், ஆனால் ஹார்டு டிஸ்க்கின் சுழலும் தட்டில் படிக்கும் தலை நகர்ந்து நகர்ந்து தேடுகிற தாமதம் இதில் இல்லையே, லேப்டாப் புதுசு மாதிரி பறக்கிறது. பழைய டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் அப்படியே புதியதில் நகலெடுத்து (குளோன் செய்து) தந்தார். 500 ஜிபி வாங்கினால் விண்டோஸில் 465 என்று காட்டும், பயப்பட வேண்டாம், கம்பெனி ஆயிரத்தால் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான்.

குறை என்றால் பில். கேட்டால்தான் தருகிறார்கள். சீரியல் நம்பரோடு எழுதி வாங்கிவிடுங்கள், வாரண்டிக்கு அது கட்டாயம் வேண்டும். அப்புறம், வண்டி நிறுத்த இடமே கிடையாது, மெட்ரோவில் போங்கள்.