ஓசூர் பக்கம் ட்ரெயில் கேமரா வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

காட்டு விலங்கு வந்தால் தானாகவே படம் எடுக்கும் ட்ரெயில் கேமரா வாங்கலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரிந்தாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. அந்தப் பெட்டியில் அச்சடித்திருந்த அதே வாசகங்களோடு இன்னும் எத்தனையோ பெட்டிகள் விற்பனையில் இருக்கின்றன.

எங்கள் கொல்லை தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் வழியில், காட்டை ஒட்டி இருக்கிறது. ராகி பால் பிடிக்கும் சமயத்தில் ராத்திரி யார் வந்து போனது என்று காலையில் தடம் பார்த்துத்தான் சொல்வோம். பன்றியா, முள்ளம்பன்றியா, கடமானா? யானை வந்தால் தடம் தேடவே வேண்டியதில்லை. சிம் போடும் கேமரா எங்களுக்கு உதவாது. மேட்டில் ஏறி நின்றால்தான் ஒரு பாயின்ட் டவர் வரும். அதனால் மெமரி கார்டில் பதிவாகி, நாமே போய் எடுத்துப் பார்க்கிற சாதா வகைதான் கேட்டேன்.

ஓசூரில் சிசிடிவி மாட்டித்தரும் ஒரு கடையில் எடுத்துக் கொடுத்தார்கள். 48 மெகாபிக்சல், 4கே வீடியோ, 0.1 வினாடி டிரிகர், இரவில் வெளிச்சமே தெரியாத 'நோ குளோ'. விலை ஒன்பதாயிரத்துச் சொச்சம். 128 ஜிபி கார்டு இலவசம்.

முதலில் அந்த 48 மெகாபிக்சல். பட்டப்பகலில் குட்டை ஓரம் நின்ற மயில் பதிவாகியிருந்தது. கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால் கழுத்தில் ஒரு இறகு தனியாகத் தெரியவில்லை, நீல மெழுகை அப்பி வைத்தது போல இருந்தது. மெனுவில் 5 மெகாபிக்சல் என்று குறைத்து எடுத்த படமும் இதே லட்சணம்தான். உள்ளே படம் பிடிக்கும் சென்சார் சின்னது. பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இடையில் புதுப் புள்ளிகளை மென்பொருள் நிரப்பி 48 ஆக்கிவிடுகிறது. ஃபைல் மட்டும் பெரிதாகும், கார்டை அடைக்கும். உண்மையான 4கே என்றாலே ஒரு ஃபிரேமுக்கு 8.3 மெகாபிக்சல்தான். சாதாரண ஃபுல் எச்டி கிட்டத்தட்ட 2 மெகாபிக்சல். அது ஒழுங்காக இருந்தாலே என்ன விலங்கு என்று தாராளமாகச் சொல்லிவிடலாம். கடையிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று, குறைந்த அளவிலும் உச்ச அளவிலும் ஒவ்வொரு படம் எடுக்கச் சொல்லுங்கள். குறைந்த அளவில் படிக்க முடியாத எழுத்து உச்ச அளவிலும் படிக்க முடியாவிட்டால், அந்தப் பெரிய எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மெகாபிக்சலைக்கூட விட்டுவிடலாம், வேகத்தில்தான் உண்மையான மோசடி. எனக்குக் கிடைத்த படங்களில் பாதி வால். மீதியில் பின்னங்கால், அதற்கும் மீதி வெறும் புல். இந்தக் கேமராக்களில் அசைவை உணர இருக்கும் இன்னொரு சென்சார், சுற்றுப்புறத்தைவிட வெப்பம் மாறுபட்ட ஒன்று அசையும்போது அதை உணர்ந்து கேமராவை எழுப்புகிறது. எழுந்து படம் எடுக்க ஆகும் நேரம்தான் டிரிகர். மனிதன் சாதாரணமாக நடந்தாலே 0.1 வினாடியில் அரை அடிக்கும் குறைவாகத்தான் நகர்வான். ஒரு வினாடி முழுக்க ஆனால் நாலடி போய்விடுவான். ஓடுகிற பன்றிக்குச் சொல்லவே வேண்டாம். கேமராவைத் தூணில் கட்டி, எதிரே குறுக்காக நடந்து பார்த்தேன். என் செருப்புக் குதிகால் மட்டும் ஓரத்தில் விழுந்தது. இன்னொன்றும் கேளுங்கள்: ஒரு படம் எடுத்தபின் அடுத்த படத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று. அதைப் பல பெட்டிகளில் போடுவதே இல்லை. முதலில் தாய்ப்பன்றி போனதும் பின்னால் வந்த குட்டிகள் எல்லாம் தப்பித்துவிடும்.

'நோ குளோ' கதை இன்னும் நன்றாக இருக்கும். இருட்டில் என் மச்சினன் எதிரே நின்றான். "மாமா, ஆனைக்கு சிக்னல் லைட்டு போட்டிருக்கீங்களா?" என்றான். சிவப்பாகச் சின்னச் சின்னப் பொட்டுகள் எரிகின்றன. இந்தக் கேமராக்களில் இரவு விளக்கு இரண்டு வகை. 850 நானோமீட்டர் என்றால் மங்கலாகச் சிவப்பு தெரியும், ஆனால் வெளிச்சம் தூரம் போகும். 940 என்றால் நம் கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறையும். இரண்டிலும் தப்பில்லை. 850-ஐ வைத்துவிட்டு நோ குளோ என்று அச்சடித்தது தப்பு. வழிப்பாதை ஓரம் கட்டுகிறவர்களுக்கு இது முக்கியம், அந்தச் சிவப்பு விலங்குகளைவிடத் திருடர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இலவச கார்டில் பாதிக்கு மேல் படங்கள் திறக்கவே இல்லை. அளவைப் பொய்யாகக் காட்டும் கார்டு. கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிய வீடியோக்களால் நிரப்பி, கடைசி வீடியோ ஓடுகிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடைசியில் பேட்டரிகளைக் கழற்றியபோதுதான் விஷயமே புரிந்தது. எட்டில் இரண்டு இடங்களில் ஸ்பிரிங் பச்சை பூத்து, ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. நான் போட்டது புது பேட்டரி, ஒன்றுகூட ஒழுகவில்லை. ஆக, வேறு யாரோ பழைய பேட்டரியை ஒழுக விட்டுத் திருப்பிக் கொடுத்ததைத் துடைத்துப் பெட்டியில் போட்டு என் தலையில் கட்டியிருக்கிறார்கள். வாங்கும்போது பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பார்க்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "வெயில்ல சென்சார் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். கடும் வெயிலில் பாறையும் மண்ணும் விலங்கின் உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டால் சென்சார் தடுமாறும் என்பது உண்மைதான். ஆனால் நான் காட்டியது மார்கழி ராத்திரிப் படங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் போர்வையை விட்டுக் கையை வெளியே நீட்ட முடியாது! அடுத்து, ரீசார்ஜ் பேட்டரி போட்டிருப்பீர்கள் என்றார். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், சாதா செல் 1.5, வோல்டேஜ் குறைவதால் சில கேமராக்கள் இரவு விளக்கு எரியும்போது அணைந்துபோகும், அதுவும் உண்மை. ஆனால் நான் போட்டது 1.5 வோல்ட் லித்தியம். அதற்குப் பதில் இல்லை. பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்றிருந்ததைக் காட்டினார்.

இது போதாதென்று ஒரு யோசனை வேறு சொன்னார். "கொல்லையில எதுக்கு சார், காட்டுக்குள்ள கட்டுங்க, யாரு கேக்கப் போறாங்க?" தயவுசெய்து இதை யாரும் கேட்டுவிடாதீர்கள். இந்தப் பக்கம் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-லும், காவிரி தெற்கு 2022-லும் அறிவிக்கப்பட்டவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். பட்டா நிலத்துக்குள் கட்டுங்கள். காட்டுக்குள் வேண்டுமென்றால் வனத்துறை அனுமதி வாங்குங்கள்.

அந்தப் பில் வாசகத்தைப் பார்த்துப் பலரும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாட்களுக்குள் தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். அதற்குப்பின் கடையிலிருந்து போன் வந்தது, அதே மாடலில் வேறு பீஸ் தருகிறோம் என்று. அதே மாடல் எனக்கு எதற்கு? பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில், பெட்டி, பச்சை பூத்த ஸ்பிரிங்கின் படம், தேதியோடு இருக்கும் அந்த வால் படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி பெட்டி உங்களிடமும் இருந்தால் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.