பவர் மீட்டர் வாங்குபவர்களே, என் 31,000 ரூபாய் போன விதத்தைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்

கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் கோர்வையாக இருக்காது. ரோடு சைக்கிளின் இடது கிராங்க் ஆர்மில் (பெடலைத் தாங்கும் தண்டு) ஒட்டி வரும், மிதிக்கும் சக்தியை வாட்டில் காட்டும் பவர் மீட்டருக்காக 31,000 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். விற்றது சமூக ஊடகத்தில் பக்கம் வைத்து வெளிநாட்டு சைக்கிள் பாகங்கள் விற்கும் ஒரு ஆள். புகார் நடப்பதால் பெயர் போடவில்லை.

நம்ப வைத்தது விலை இல்லை, பேச்சு. என்ன கிராங்க் என்று கேட்டான். ஷிமானோ 105, ஆர்7000 மாடல், 172.5 மில்லிமீட்டர் நீளம் என்றேன். "அப்போ 170 ஆர்ம் வேண்டாம் ப்ரோ, ரெண்டு காலும் வேற வேற நீளத்துல சுத்தும். ஆர்ம்ல ஒட்டியிருக்கிற சென்சார் பாட் உங்க ஃப்ரேம்ல இடிக்குமான்னு முதல்ல அளந்து பாருங்க, பணத்தை அப்புறம் அனுப்பலாம்" என்றான். பணத்தை அப்புறம் அனுப்பு என்பவனை யார் சந்தேகப்படுவார்கள்? வீடியோ காலில் புது டப்பாவைக் காட்டினான், கிராங்க்கைக் கையால் சுற்றினான், சைக்கிள் கம்ப்யூட்டரில் வாட் எகிறியது. யுபிஐ-யில் 31,000 ரூபாய் போய்விட்டது.

வந்த மீட்டரை மாட்டிக்கொண்டு ஈசிஆரில் எதிர்காற்று இல்லாத விடியற்காலையில் ஒரே சீராக மிதிக்கிறேன், ஒரு நேரம் 140 வாட், அடுத்த நிமிடம் 290. சைக்கிளை மாட்டி வீட்டுக்குள் மிதிக்கும் ட்ரெய்னரும் வாட் காட்டும், அது 200 என்கிறது, இது 260 என்கிறது, கொஞ்சம் கழித்து 150. ஜீரோ ஆஃப்செட் (விசை இல்லாதபோது மீட்டர் எடுக்கும் அடிப்படை எண்) எடுத்தால் ஒவ்வொரு தடவையும் சம்பந்தமே இல்லாத எண்.

அவனிடம் சொன்னேன். முதலில் பேட்டரி மாற்றச் சொன்னான், மாற்றினேன். மீட்டருக்குள் இருக்கும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் என்றான், செய்தேன். ட்ரெய்னர்தான் தப்பு என்றான். பிறகு, "உங்களுக்கு இடது கால் வலு கம்மி சார்." பணம் வரும்வரை ப்ரோ, வந்தபின் சார்! இந்தச் சாக்கில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல். இந்த வகை மீட்டர் இடது காலின் விசையை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும், கால்களுக்குள் வித்தியாசம் இருந்தால் கணக்கு தப்பும்தான். ஆனால் அது எப்போதும் ஒரே பக்கம் தப்பும், இப்படிக் கூத்தாடாது.

சரி, காலே வேண்டாம் என்று கிராங்க்கைப் படுக்கைவாட்டில் நிறுத்தி பெடல் அச்சில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டேன். 172.5 மில்லிமீட்டர் நீளத்துக்கு டார்க், அதாவது முறுக்கு விசை, ஏறத்தாழ 17 நியூட்டன் மீட்டர் வரவேண்டும். செயலியில் வந்தது 13. எடுத்து மறுபடி மாட்டினால் 19. இரும்புக்குமா வலது கால் இடது கால்? வீடியோவை அனுப்பினேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை.

சீரியல் எண்ணைத் தயாரித்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். அது ஏற்கெனவே வேறொருவர் பெயரில் பதிவானது, வாரண்டி எனக்குச் செல்லாது என்று பதில் வந்தது. புது டப்பாவுக்குள் யாரோ கழற்றிப் போட்டது! அதைக் கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். பில் என்று தந்தது ஜிஎஸ்டி எண்கூட இல்லாத துண்டுச் சீட்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் போட்டிருக்கிறேன்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பணம் அனுப்பும் முன் சீரியல் எண்ணை வாங்கி நிறுவனத்திடம் கேளுங்கள். கையால் சுற்றிக் காட்டினால் எண் வருகிறது என்றுதான் தெரியும், சரியான எண்ணா என்று தெரியாது, எடையைத் தொங்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள், முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். நண்பரின் கணக்கிலிருந்து இப்போது பார்த்தேன், அதே படத்தோடு இன்னொரு மீட்டர் விற்பனைக்குப் போட்டிருக்கிறான், அதே 31,000 ரூபாய்.